இறங்காத சிலைடு

என் பட்டறைக்கு வருகிறவர்கள் இரண்டு காரியம் செய்யக்கூடாது. வண்டிக்கு என்ன நோய் என்று வருகிற வழியிலேயே கண்டுபிடித்துக்கொண்டு வரக்கூடாது. எதனால் கெட்டது என்று நான் பார்த்துச் சொல்லுமுன் வண்டியைத் திருப்பிக் கேட்கக்கூடாது. ஓடினால் போதும் என்கிறவனுக்கு ஊரில் வேறு பட்டறை இருக்கிறது. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனிக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாக இந்தத் திமிரோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மரியசெல்வத்துக்குக் கை சுத்தம், வாய்தான் அசுத்தம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ஒரே ஒரு வண்டியில் மட்டும் எதனால் என்று பார்க்காமல் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அஜ்மல் அந்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தது மாசி மாதம், நோன்பு பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது. இறக்கி வைத்ததும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். முன்சக்கரம் கோணி, ஃபோர்க் மடங்கி, ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. டேங்கில் வெள்ளைப் பெயிண்டில் கேஸ் நம்பர். ஐந்து மாதம் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் கிடந்த வண்டி. அதில்தான் அவனுடைய அண்ணன் ரியாசுதீன் செத்தான். ஓட்டியவன் அஜ்மல்.

நடந்தது ஊருக்கே தெரியும். ரியாசுதீன் விசைப்படகுக்குப் போனவன். முந்தின வருடம் மாசியில் எல்லை தாண்டியதாகப் படகோடு பதினோரு பேரை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனது. ஏழு மாதம் அங்கே ஜெயில். அவன் மனைவி இர்ஃபானா மூன்று வயது மகள் ஃபர்ஹானாவை இடுப்பில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்கும் மீன்வளத்துறை ஆபீசுக்கும் நடையாய் நடந்தாள். புரட்டாசியில் விட்டார்கள். எலும்பும் தோலுமாக வந்தான். வந்த மூன்றாம் நாள் காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு கோட்டைப்பட்டினம் போய்வரக் கிளம்பினான். கால் வீங்கியிருந்ததால் தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்னால் உட்கார்ந்தான். நாலு கிலோமீட்டர் போகவில்லை. ரோட்டோரம் நின்ற ஐஸ் லாரியின் பின்பக்கம் போய்ச் சொருகியது வண்டி. ரியாசுதீன் அந்த இடத்திலேயே முடிந்தான். அஜ்மலுக்குத் தொடையில் கம்பி வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து அவன் ஒரே பேச்சுதான் பேசினான். ஆக்சிலேட்டரை விட்டும் வண்டி வேகம் குறையவில்லை, கிளட்சைப் பிடித்தால் இன்ஜின் அலறியது, அந்தப் பயத்தில் கிளட்சை விட்டுவிட்டேன், மறுபடி சீறியது, அவ்வளவுதான். யார் நம்புவார்கள்? இருபத்துநாலு வயதுப் பையன், ரோட்டில் பறப்பதற்கு ஏற்கெனவே பேர் வாங்கியவன். அதிவேகம், கவனக்குறைவு என்று கேஸ் எழுதினார்கள். கேஸைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. அவன் கவலையெல்லாம் அவனைப் பெற்றவள்தான்.

சம்சுன் நிஹார் அக்காவை எனக்கு நெடுநாளாகத் தெரியும். அவள் வீட்டுக்காரர் காஜா மைதீன் இருந்த காலத்தில் இதே ராஜ்தூத்தின் பின்னால் மீன்கூடை கட்டி அறந்தாங்கி சந்தைக்குப் போவார். அப்போதிருந்தே வண்டிக்கு நான்தான் வேலை பார்க்கிறேன். அவர் போன பிறகு இரண்டு பையன்களையும் கருவாடு காயப்போட்டு வளர்த்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ரியாசுதீனின் மையத்து எடுத்த அன்றைக்கு, கூடியிருந்தவர்கள் நடுவில் ஒன்று சொன்னாள். "இலங்கை ஜெயிலே எம்புள்ளைய முழுசாத் திருப்பிக் குடுத்துருச்சு. கூடப் பொறந்தவனுக்கு மூணு நாள் வச்சிருக்கத் தெரியல." அதோடு சரி. அஜ்மல் ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தபோது வாசல் கதவைச் சாத்தினாள். ஜமாத்தார் இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்தார்கள். டீ கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்த வீட்டில் அது தலைகீழாக இருந்தது.

அஜ்மல் துறைமுகத்தில் ஒரு வலைக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டான். கிழிந்த வலையைத் தைத்துக் கொடுப்பான், வாங்கித் தின்பான், படுப்பான்.

அவனை நம்பிய ஒரே ஆள் இர்ஃபானா. இது ஊர் அறியாதது, எனக்கு மட்டும் தெரியும். புருஷன் போனதற்கு நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து எழுந்தவள், முதன்முதலில் வாசலைத் தாண்டி வந்தது என் பட்டறைக்குத்தான். கையில் தூக்குச் சட்டி. மாமிக்குத் தெரிய வேண்டாம், தம்பி இங்கிட்டு வந்தால் கொடுத்துவிடுங்கள் என்றாள். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. காரப்பொடி மீன் குழம்பு, ஒரு நாள் கணவாய் வறுவல், ஒரு நாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். அஜ்மல் என் டயர் குவியல் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் தின்பான். எனக்கும் ஒரு துண்டு மீன் வைப்பான். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்ணின் கைக்கு அப்படியொரு ருசி. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. மீமிசலில் ஒரு சித்தி வீட்டில் வளர்ந்து வந்தவள். மாமியார் வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. அப்படியிருந்தும் மாமியாருக்குத் தெரியாமல் சோறு கொண்டுவரத் துணிந்தாள்.

வண்டியைப் பிரித்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். ஸ்டேஷனிலிருந்து வண்டியைக் கொடுத்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று சொன்ன மாமியாரிடம், "மரியசெல்வம் அண்ணன் பிரிச்சுப் பாக்கட்டும் மாமி. மனுசன்தான் பொய் சொல்லுவான், வண்டி சொல்லாதுல்ல" என்றிருக்கிறாள். சம்சுன் நிஹார் அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். பிரிக்கும்போது நான் இருப்பேன். அவன் சொன்னது நிஜமென்றால் தலைநோன்புக்கு வீட்டுக்கு வரட்டும். பொய் என்றால் என் மையத்தில்கூட அவன் முகம் தெரியக்கூடாது.

புதன்கிழமை பத்து மணிக்கு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. கடல்காற்றில் உப்பு ஈரம். தொட்ட ஸ்பானர் எல்லாம் பிசுபிசுத்தது. டீக்கடையிலிருந்து ஸ்டூல் வாங்கிப் போட்டேன். சம்சுன் நிஹார் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள். இர்ஃபானா பின்னால் நின்றாள். அஜ்மலை உள்ளே விடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் அவன் ரோட்டோரம் கரண்ட் கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

வேலையை ஆரம்பிக்குமுன் அந்தம்மாவுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. வேறொரு வண்டியில் கழற்றி வைத்திருந்த நல்ல கார்புரேட்டரைக் கையில் கொடுத்தேன். இன்ஜினுக்குப் பெட்ரோலும் காற்றும் இதன் வழியாகத்தான் போகும். உள்ளே விரல் நீளத்தில் டம்ளர் மாதிரி ஒன்று மேலும் கீழும் போகும். அதற்குச் சிலைடு என்று பேர். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒயர் அதை மேலே தூக்கும், வண்டி பறக்கும். கையை விட்டால் மேலே இருக்கிற ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும், வண்டி அடங்கும். "இழுத்து விட்டுப் பாருங்கக்கா" என்றேன். இழுத்துவிட்டாள். டக்கென்று விழுந்தது. மூன்று தடவை செய்து பார்த்தாள். டக், டக், டக்.

பிறகு ராஜ்தூத்தின் பக்கம் திரும்பினேன். மோதிய வேகத்தில் கைப்பிடியிலேயே ஒயர் அறுந்து தொங்கியது. ஒயர் அறுந்தால் சிலைடைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. கட்டாயம் கீழே விழுந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கார்புரேட்டர் வாய்க்குள் விரலைவிட்டேன். வாய் முழுசாகத் திறந்து கிடந்தது. சிலைடு உச்சியில் நின்றது. ஒயர் அறுந்து ஐந்து மாதம் கழித்தும் இறங்கவில்லை.

"அக்கா, நீங்களே வெரல விட்டுப் பாருங்க. குறுக்க ஒரு தடுப்பு இருக்கணும். இருக்கா?"

கிட்டே வந்து குனிந்தாள். ஒற்றை விரலை உள்ளேவிட்டு எல்லாப் பக்கமும் தடவினாள். "ஒண்ணும் இல்லையே."

"அது மேல நின்னுபோச்சு. அவன் கைய விட்டும் எறங்கல. அவன் சொன்னது நெசம்."

அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை அவள். "ஸ்டேஷன்ல மழையில கெடந்தப்ப துரு புடிச்சு நின்னுருக்கலாம்ல?" என்றாள். மெக்கானிக் வேலைக்கு வந்திருந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பாள். துரு பிடித்தால் இருந்த இடத்தில்தான் பிடிக்கும், கீழே இறங்கியிருந்தால் கீழேதான் பிடித்திருக்கும், மேலே ஏறிப் போய்ப் பிடிக்காது என்று சொன்னேன். நல்ல கார்புரேட்டரை மறுபடி எடுத்து ஒரு தரம் இழுத்துவிட்டுப் பார்த்தாள். ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"அஜ்மலு," என்று கூப்பிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அந்த வாயிலிருந்து அந்தப் பேர். அவன் காலை இழுத்துக்கொண்டு வந்து எட்டவே நின்றான். கிட்டே வரச் சொன்னாள். கம்பி வைத்த தொடையைத் தொட்டுப் பார்த்தாள். "குளிருல வலிக்குதா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். ஆமாம் என்றுதான் அர்த்தம். "தலைநோன்புக்கெல்லாம் காத்திருக்க வேணாம். இன்னைக்கே வீட்டுக்கு வா" என்றாள். இருபத்துநாலு வயது ஆம்பளை, தரையில் உட்கார்ந்து தாயின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். இர்ஃபானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். நாலு டீ சொல்லிவிட்டேன்.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கார்புரேட்டரைச் சாக்கில் கட்டிக் கடலில் எறிந்திருக்க வேண்டும். ஆனால் நாய் வாலை நிமிர்த்த முடியுமா? அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் மேல்மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தேன். ஒடியவில்லை, நல்ல விறைப்பு. அப்படியிருக்க ஏன் தள்ளவில்லை? உப்புக்காற்றில் பூக்கிற வெள்ளைத் துரு என்றால் மேலே பொடி தெரியும். பொடி இல்லை. சிலைடைச் சுற்றி வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஏதோ இறுகியிருந்தது. பெட்ரோல் காய்ந்தால் இவ்வளவு தடிமனாகப் பிடிக்காது. எனக்கு அரிப்பு எடுத்துவிட்டது.

இறுகிய சிலைடைக் குறட்டால் பிடித்து இழுப்பவன் மெக்கானிக் இல்லை. கார்புரேட்டர் உடம்பு ஈயம் மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு முறுக்கில் விண்டுபோகும். மேலே டீசலை ஊற்றினேன். மரச்சுத்தியால் பக்கவாட்டில் பொட்டுப் பொட்டென்று தட்டினேன். அசையவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்து, பழைய அலுமினியக் குண்டானில் தண்ணீர் கொதிக்கவைத்து, கார்புரேட்டரை அப்படியே உள்ளே இறக்கினேன். சூட்டில் உடம்பு கொஞ்சம் விரியும், உள்ளே இறுகியதும் இளகும். அஜ்மல் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு பார்த்தான். முகத்தில் பழைய களை வந்திருந்தது. சரி பண்ணி ஓட்டலாமா அண்ணே என்று கேட்டான். ஓட்டுவியா நீ என்று கேட்டேன். இல்லை, அத்தா மீன்கூடை கட்டின வண்டி, சும்மா நிற்கட்டும் என்றான்.

தண்ணீர் கொதித்தது. ஆவி மேலே வந்தது. ஆவியோடு ஒரு வாடை வந்தது.

அந்த வாடை எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சுறா எண்ணெய். சுறாவின் ஈரலைக் காய்ச்சி எடுப்பது. மர வள்ளத்தை மாதம் ஒரு தரம் கரையேற்றி, வெயிலில் காயவிட்டு, இந்த எண்ணெயைத்தான் பூசுவார்கள். பூசினால் வெயிலில் இறுகித் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும், உப்பு இறங்காது, மரம் உளுத்துப்போகாது. ஃபைபர் படகு வந்தபிறகும் பழைய வீடுகளில் இரண்டு பாட்டில் இருக்கும். கதவுக் கீலுக்குப் போடுவார்கள், சைக்கிளில் தடவுவார்கள், கிணற்று ராட்டினத்துக்கு விடுவார்கள். கடல் தின்னாமல் காப்பது அது ஒன்றுதான் என்று அவர்களுக்கு நம்பிக்கை. மரத்துக்கு அது சரிதான். மரத்தில் இறுகுவது, சூட்டோடு சூடாக இன்ஜின் பக்கத்தில் கிடந்தால் பத்து மடங்கு இறுகும்; கை பலத்துக்கு மேலே ஏறினது ஸ்பிரிங் பலத்துக்கு இறங்காது.

சுறா எண்ணெய் கார்புரேட்டருக்குள் தானாக ஏறாது. மேலே கைப்பிடிப் பக்கம் ஒயரின் வாயில் விட்டால், ஒயருக்குள்ளேயே வழிந்து நேராகச் சிலைடு தலையில்தான் இறங்கும். அப்படி ஒயருக்கு எண்ணெய் விடுகிற பழக்கம் இந்த ஊரில் எனக்குத்தான் உண்டு. மிஷின் எண்ணெய், நாலு சொட்டு. ரியாசுதீன் பிடிபடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வண்டியைக் கொண்டுவந்தபோது இர்ஃபானாவும் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். நான் காகிதத்தைச் சுருட்டிப் புனலாக்கி ஒயரில் எண்ணெய் விட்டதை, இது எதுக்குண்ணே என்று கேட்டுக்கேட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஜெயிலில் இருந்தபோது ஒருநாள் ரோட்டில் பார்த்துச் சொன்னாள்: வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன் அண்ணே, அவர் வந்து பார்த்தால் அசந்துபோகணும். நானும் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனேன். என்ன எண்ணெய் என்று கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் எதனால் எதனால் என்று கேட்கிற என் வாய் அன்றைக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ஏழு மாதம். முப்பது வெள்ளிக்கிழமை.

திரும்பி அவளைப் பார்த்தேன். டீ கிளாஸ் கையில் அப்படியே இருந்தது. அவளுக்கும் வாடை எட்டியிருந்தது. நான் குண்டானின் மேல் சாக்கைப் போட்டு மூடப் பார்த்தேன். அதற்குள் சம்சுன் நிஹார் அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

"சொறா எண்ணெ வாடையில்ல வருது?"

"ஏதோ பழைய பெட்ரோல்க்கா…"

"எனக்குத் தெரியாதா தம்பி? எங்கத்தா வள்ளத்துக்குப் பூசுன எண்ணெய்." குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். "இதாலதான் அது எறங்காம நின்னுச்சா?"

நான் குனிந்து ஸ்டவ்வை அணைத்தேன். அதுவே பதிலாகப் போயிற்று.

"யாரு இதுல கொண்டுபோயி ஊத்துனது?"

"மாமி…" என்றாள் இர்ஃபானா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "மாமி, அது வந்து…"

"நாந்தாம்மா ஊத்துனேன்," என்றான் அஜ்மல்.

குந்தியிருந்தவன் காலை ஊன்றி எழுந்து, அவளுக்கும் மாமியாருக்கும் நடுவில் வந்து நின்றான். அண்ணன் வருகிற வாரத்தில் ஒயர் வழுக்கட்டும் என்று அடுக்களையிலிருந்து எண்ணெயை எடுத்து நான்தான் ஊற்றினேன், மதினி வேண்டாம் என்றுதான் சொன்னது, நான் கேட்கவில்லை என்றான். மடமடவென்று, படித்த பாடம் மாதிரி சொன்னான். எப்போது யோசித்தான், எப்படி யோசித்தான், அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும். ஐந்து மாதம் கொட்டகையில் கிடந்து தவித்ததெல்லாம் எதற்காகவோ, அது கைக்கு வந்து முழுசாக அரைமணி நேரம் ஆகவில்லை. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

சம்சுன் நிஹார் அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மரியசெல்வம் தம்பி. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இவனா ஊத்துனது?"

இர்ஃபானாவைப் பார்த்தேன். போக்கிடம் இல்லாத பெண், நாலு வயதுப் பிள்ளை. அஜ்மலைப் பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினான். யாராக இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே உள்ளதைச் சொல்கிறவன் என்று இருபத்திரண்டு வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தவன் சொன்னேன்:

"ஆமாக்கா. அவந்தான். எங்கிட்டக்கூட ஒருதடவ கேட்டான், ஊத்தலாமான்னு. நாந்தான் சரியாக் காதுல வாங்கல."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "வேகமாப் போயி கொன்னான்னு நெனச்சேன். எண்ணெய ஊத்திக் கொன்னுருக்கான். ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். இர்ஃபானாவின் கையைப் பிடித்து, "வா, புள்ள முழிச்சிருக்கும்" என்று இழுத்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண் ஐஸ் கம்பெனி திருப்பம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன என்று. அடுத்த நிமிடமே என் மேல் வந்தது. அஜ்மல் மேலும் வந்தது. ஏன்டா இப்படிச் செய்தாய் என்று சட்டையைப் பிடித்தேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "நமக்கு என்னண்ணே, ஒத்தக் கட்டை. எங்கிட்டாச்சும் போயிருவேன். அது புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போகும்? ஊரே வீடு பூட்டுனப்ப எனக்குச் சோறு போட்டது அதுண்ணே." மறுநாள் கொட்டகையில் அவன் இல்லை.

அன்றைக்கு அவன் பட்டறையை விட்டுப் போனதுமே குண்டானைக் கவிழ்த்து, துணியால் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் சிலைடை ஒரு தள்ளுத் தள்ளினேன். அத்தனை நேரம் மல்லுக்கு நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

நோன்பு பிறந்தது. தூக்குச் சட்டி வரவில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை. ஒன்பதாம் நோன்பன்று அஸர் தொழுகை முடிந்த சாயங்கால நேரம், சம்சுன் நிஹார் அக்கா தனியாக வந்தாள். ஸ்டூல் கேட்கவில்லை. டயர் குவியலில், அஜ்மல் உட்கார்ந்து தின்கிற அதே இடம் என்று தெரியாமல், உட்கார்ந்துகொண்டாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"தம்பி, அந்த எண்ணெ பாட்டில அவகிட்ட எடுத்துக் குடுத்ததே நாந்தான்."

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"வண்டியில துரு ஏறுது மாமின்னா. எங்கத்தா வீட்டு எண்ணெ இருக்கு, தடவு, கடலு தொடாதுன்னேன். வாரம் வாரம் காயிதத்தச் சுருட்டி ஊத்துனத எங்கண்ணால பாத்தேன். எனக்கா தெரியாது, யாரு ஊத்துனதுன்னு? அவன் பொய் சொன்னதும் தெரியும், நீங்க சொன்னதும் தெரியும்."

"பின்ன ஏன்க்கா அவன வெரட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது.

அவள் உயர்த்தவில்லை. "அவ பத்து நாளா எங்கிட்ட சொல்ல வாரா. அடுப்படியில வந்து நிப்பா, மாமிம்பா. நான் உப்புப் போட்டியா, உளுந்து ஊறுதான்னு வேற பேச்சு பேசிருவேன். அவ வாயால சொல்லிட்டா என்னால அவள வச்சுக்க முடியாது தம்பி. மூஞ்சியப் பாத்தாலே எம்புள்ள ஞாபகந்தான் வரும். எம்மனசு அம்புட்டுப் பெருசில்ல. அவ போனா ஃபர்ஹானாவும் போயிரும். ரியாசு முகம் அப்படியே அந்தப் புள்ளைக்கு." முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். "அஜ்மல் பெத்த புள்ள. அவன் தாங்குவான்னு நெனச்சேன். இப்ப எனக்குத் தாங்கல. நோன்பு தொறக்கையில பேரீச்சம்பழம் தொண்டையில எறங்க மாட்டேங்குது. போனு போடுங்க. ஒங்ககிட்ட நம்பரு இருக்கும். அம்மாவுக்கு எல்லாந் தெரியும், நீ தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியும்டான்னு ஒத்த வார்த்த சொல்லணும்."

நம்பர் இருந்தது. மங்களூர்ப் பக்கம் ஒரு போட்டில் சமையலுக்குச் சேர்ந்திருப்பதாகச் சேதி அனுப்பியிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"அண்ணே. சொல்லுங்கண்ணே. மதினி நல்லாருக்காங்களா? அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிப் போடலையே?"

அவள் வாயைத் திறந்தாள். நான்தான் அவசரப்பட்டு, "சொல்லலடா" என்றேன்.

"அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா மதினிய ஒருநா வீட்டுல வைக்காது. எங்கம்மாவ எனக்குத் தெரியும். அதுக்கு மனசு அம்புட்டுத்தான்." எதையோ கிளறுகிற சத்தம் கேட்டது. "இந்த அடுப்புல வேகுறப்பல்லாம் அத நெனச்சுக்குவேன். அங்கிட்டு மூணு பேரும் ஒரு வீட்டுல இருக்காங்கன்னு. அது ஒண்ணுதாண்ணே எனக்கு. அதுவும் இல்லன்னா கடல்ல விழுந்துருவேன்."

சம்சுன் நிஹார் அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் தோள் பக்கம் குனிந்து, மூச்சுக் காற்றில் சொன்னாள்: "சஹருக்கு விடியுமுன்ன என்ன திங்கிறான்னு கேளுங்க."

கேட்டேன்.

"ராத்திரி ஆக்குன சோறும் கருவாடும்ணே. போதும். ஏண்ணே திடீர்னு கேக்குறீங்க? பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"யாருமில்லடா," என்றேன்.